யூஎஸ்பியை நெட்வொர்க் கேபிளில் நீட்டுவது எப்படி

"50 மீட்டர் வரை போகும்" என்று அச்சடித்த யூஎஸ்பி எக்ஸ்டெண்டர் சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, பல ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. இரண்டும் ஜோடியாகத்தான் வரும்: ஒரு பக்கம் யூஎஸ்பி, மறுபக்கம் நெட்வொர்க் கேபிளைச் செருகும் ஆர்ஜே 45 ஜாக். மலிவானதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சிப்கூட இருக்காது. யூஎஸ்பியின் நான்கு கம்பிகளை ஜாக்கின் எட்டுப் பின்களோடு சேர்த்திருப்பார்கள், அவ்வளவுதான். அதில் வெப்கேமராவை மாட்டிவிட்டு, ஓடவில்லை என்று திருப்பிக் கொடுப்பவர்கள் பலர். அதே ஜோடியில் சிசிடிவி டிவிஆரின் மவுஸ் வருடக் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் எத்தனை மீட்டர் என்று கேட்பதற்கு முன், மாட்டப்போவது என்ன கருவி, எந்த வேகத்தில் பேசுகிறது, எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்ற மூன்றையும் பார்த்துவிடுங்கள். பெட்டி எது என்பது அப்போது தானாக முடிவாகிவிடும்.

5 மீட்டர் எங்கிருந்து வந்தது

யூஎஸ்பியில் கருவி தானாக வாய் திறக்காது. கம்ப்யூட்டர் கேட்கும், கருவி பதில் சொல்லும். கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் காத்திருப்பது சுமார் 1.5 மைக்ரோ விநாடிதான். அதற்குள் பதில் வராவிட்டால் அது பிழைக் கணக்கில் சேரும். தொடர்ந்து மூன்று முறை பிழையானால் அந்தப் பரிமாற்றத்தைக் கைவிட்டுவிடும். வழியில் ஐந்து ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) வரை மாட்டலாம் என்று விதி இடம் கொடுப்பதால், இந்தக் குறுகிய நேரத்தை ஹப்களும் கேபிள்களும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கேபிளின் பங்குக்கு வருவது, ஒரு வழிக்கு 26 நானோ விநாடி. மீட்டருக்கு 5.2 நானோ விநாடி தாமதம் என்று வைத்துக்கொண்டால் 5 மீட்டர். 2000-இல் வந்த யூஎஸ்பி 2.0-இன் 5 மீட்டர் வரம்பு இந்த வகுத்தல் கணக்குத்தான்.

ஹப் எதுவும் இல்லாமல் நேராக இழுத்தால் நேரத்தில் கொஞ்சம் மிச்சம் கிடைக்கும். நெட்வொர்க் கேபிளிலும் சிக்னல் மீட்டருக்குச் சுமார் 5 நானோ விநாடி எடுக்கிறது. 50 மீட்டர் போய்த் திரும்ப அரை மைக்ரோ விநாடி. நேரம் மட்டும்தான் சிக்கல் என்றால் 50 மீட்டர் எளிது. ஆனால் போகப் போகச் சிக்னல் தேயும், அதன் விளிம்புகள் மழுங்கும், கூடவே 5 வோல்ட்டும் இறங்கிக்கொண்டே வரும். வேகமான கருவி முதலில் விழுவது சிக்னல் மழுங்குவதால். கரண்ட் அதிகம் இழுக்கும் கருவி முதலில் விழுவது வோல்ட் இறங்குவதால்.

கருவியின் வேகம்

யூஎஸ்பி 2.0-இல் மூன்று வேகங்கள். வயர் வைத்த சாதாரண மவுஸ், கீபோர்டு பெரும்பாலும் 1.5 எம்பிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை மெகாபிட்). பார்கோடு ஸ்கேனர், டச் பேனலின் தொடு பகுதி, வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவர் ஆகியவற்றில் பலவும் 12 எம்பிபிஎஸ். வெப்கேமரா, பென் டிரைவ், ஹார்டு டிஸ்க், இன்றைய ஹப் எல்லாம் 480. பெயர்களில் ஒரு கூத்து உண்டு: "ஃபுல் ஸ்பீட்" என்றால் 12, "ஹை ஸ்பீட்" என்றால் 480. பெட்டியில் "யூஎஸ்பி 2.0" என்று மட்டும் போட்டிருந்தால் அது 12 எம்பிபிஎஸ் எக்ஸ்டெண்டராகவும் இருக்கலாம், 12-உம் யூஎஸ்பி 2.0-க்குள் அடக்கம் என்பதால் அப்படி எழுதுவது பொய்யும் ஆகாது. கேமராவுக்கு வாங்குகிறீர்கள் என்றால் "480 எம்பிபிஎஸ்" என்ற எண் கண்ணில் பட்டால்தான் காசை எடுங்கள்.

வேகத்தை ஊகிக்க வேண்டியதில்லை. கருவியைக் கம்ப்யூட்டரில் நேரடியாகச் செருகி, விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் யூஎஸ்பி வியூ நிரலிலும், மேக்கில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனிலும் பார்க்கலாம். லினக்ஸில் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை மர வடிவில் காட்டச் சொன்னால் ஒவ்வொரு கருவியின் பக்கத்திலும் வேகம் வரும். எவ்வளவு கரண்ட் கேட்கிறது என்பதும் யூஎஸ்பி வியூவிலேயே தெரியும்.

சிப் இல்லாத அடாப்டர்: எதற்குப் போதும்

1.5 எம்பிபிஎஸ் மவுஸ், கீபோர்டுக்குப் போதும். நல்ல செம்புக் கேபிளில் 15 முதல் 20 மீட்டர் வரை பொதுவாகச் சிக்கல் இருக்காது. அதற்கு மேலும் ஓடும் இடங்கள் உண்டு, ஆனால் ஓடும் என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் கேபிள் இழுக்காதீர்கள். 12 எம்பிபிஎஸ் கருவிகளுக்கு 10 மீட்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 480-க்கு இதை நினைக்கவே வேண்டாம்.

இங்கே பலரையும் குழப்பும் ஒன்று. மவுஸ் மட்டும் இருந்தபோது 20 மீட்டரில் அழகாக ஓடியது. கீபோர்டும் வேண்டும் என்று தூர முனையில் ஒரு ஹப்பை வைத்தார்கள், இரண்டும் போயிற்று. ஹப் பழுது என்று இன்னொன்று வாங்கினாலும் அதே கதை. காரணம், மவுஸ் 1.5-இல் பேசினாலும் இன்றைய ஹப் கம்ப்யூட்டரோடு 480-இல்தான் பேசும். மெதுவான கருவிகளின் பேச்சைத் தானே வாங்கி வேகமாக மாற்றி அனுப்பும். அதாவது ஹப்பை வைத்த நொடியில் அந்த 20 மீட்டர் கேபிள் 480-ஐச் சுமக்க வேண்டியதாகிவிட்டது. பழைய யூஎஸ்பி 1.1 ஹப் கைவசம் இருந்தால் அதை வைத்தால் ஓடலாம், ஏனென்றால் அது 12-ஐத் தாண்டாது; 10 மீட்டருக்கு மேல் 12-க்கும் உறுதி இல்லை என்பதை மறக்க வேண்டாம். இல்லையென்றால் மவுஸும் கீபோர்டும் ஒரே ரிசீவரில் வரும் வயர்லெஸ் செட் ஒன்றை மாட்டிப் பாருங்கள், அல்லது சிப் உள்ள எக்ஸ்டெண்டருக்குப் போங்கள்.

அடாப்டர் வாங்காமல் நீங்களே கம்பியைச் சேர்க்கிறீர்கள் என்றால், யூஎஸ்பி கேபிளில் சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், பச்சை டி பிளஸ், வெள்ளை டி மைனஸ். விலை குறைந்த கேபிள்களில் நிறம் மாறிக் கிடப்பதும் உண்டு. மல்டிமீட்டரில் பீப் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பச்சையும் வெள்ளையும் நெட்வொர்க் கேபிளின் ஒரே முறுக்கு ஜோடியில் போக வேண்டும்: ஆரஞ்சில் பச்சை, வெள்ளை-ஆரஞ்சில் வெள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். டி பிளஸ்ஸை ஒரு ஜோடியிலும் டி மைனஸ்ஸை இன்னொரு ஜோடியிலும் போட்டால் முறுக்கினால் கிடைக்கும் பாதுகாப்பு மொத்தமும் போய்விடும். மீதி மூன்று ஜோடிகளில், முழு நிறக் கம்பிகள் மூன்றையும் சேர்த்து 5 வோல்ட்டுக்கும், வெள்ளைக் கோடு போட்ட மூன்றையும் சேர்த்துக் கிரவுண்டுக்கும் கொடுங்கள்.

மூன்று கம்பி எதற்கு? 24 கேஜ் (கம்பியின் தடிமன்; எண் கூடினால் கம்பி மெல்லியது) செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு 0.084 ஓம். 15 மீட்டருக்குப் போக ஒன்று, வர ஒன்று என்றால் 2.5 ஓம். 500 மில்லி ஆம்பியர் இழுக்கும் கருவிக்கு வழியிலேயே 1.26 வோல்ட் போய்விடும். தூர முனையில் கிடைப்பது 3.74. அதில் எதுவும் ஒழுங்காக ஓடாது. மூன்று மூன்றாகச் சேர்த்தால் இழப்பு 0.42 வோல்ட், மிஞ்சுவது 4.58. 100 மில்லி ஆம்பியருக்குள் இழுக்கும் மவுஸுக்கு இந்தக் கவலையே இல்லை.

சிப் உள்ள எக்ஸ்டெண்டர்

480 எக்ஸ்டெண்டர் நேரச் சிக்கலை ஒரு தந்திரத்தால் சமாளிக்கிறது. கம்ப்யூட்டர் கேட்டவுடன் அருகில் இருக்கும் பெட்டியே "இன்னும் தயாரில்லை" என்று பதில் சொல்லிவிடும். அப்படிச் சொல்ல யூஎஸ்பி விதியில் இடம் உண்டு. கம்ப்யூட்டர் அதைப் பிழையாக எடுத்துக்கொள்ளாமல் மறுபடி கேட்கும். அந்த இடைவெளியில் கேள்வி கேபிள் வழியாகத் தூரப் பெட்டிக்குப் போய், கருவியிடம் பதில் வாங்கித் திரும்பியிருக்கும். இந்த வகையில் ஐக்ரானின் ரேஞ்சர் வரிசை வெகுநாளாகப் பெயர் பெற்றது. கேட் 5இ தர நெட்வொர்க் கேபிளில் 100 மீட்டர் போகும் மாடல்கள் அதில் உண்டு. இதற்கு ஒரு விலையும் உண்டு: ஒவ்வொரு கேள்விக்கும் கூடுதலாகச் சில சுற்று ஆவதால் ஹார்டு டிஸ்க்கில் பெரிய ஃபைல் நகலெடுக்கும்போது வேகம் கண்கூடாகக் குறையும். கேமராவுக்கும் டச் பேனலுக்கும் அந்தக் குறை தெரியாது.

50 மீட்டரோ 100 மீட்டரோ, அந்தக் கணக்கில் இரண்டு முனையிலும் உள்ள சிறு பேட்ச் கார்டுகளும் அடக்கம். பேட்ச் கார்டில் இருப்பது மெல்லிய பல இழைக் கம்பி. சிக்னலை ஒற்றைக் கம்பியைவிட அதிகம் தின்னும். முடிந்தால் இழுத்த கேபிளின் முனையிலேயே கனெக்டர் போட்டு நேராகப் பெட்டியில் செருகுங்கள். நடுவில் ஜாயின்ட் வேண்டாம்.

முக்கியமான எச்சரிக்கை: இந்தப் பெட்டிகளின் ஜாக் நெட்வொர்க் ஜாக் போல இருந்தாலும் அதில் ஓடுவது நெட்வொர்க் அல்ல. இரண்டு பெட்டிக்கும் நடுவே ஒரே கேபிள். சுவிட்ச், ரவுட்டர் எதுவும் கூடாது. தயாரிப்பாளர் சுவிட்ச் வழியாகப் போகும் என்று வெளிப்படையாகச் சொன்ன மாடல் மட்டுமே விதிவிலக்கு. எப்போதும் 24 அல்லது 48 வோல்ட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும் பிஓஇ இன்ஜெக்டரில் தவறிச் செருகினால் பெட்டி புகைந்துவிடும். சிப் இல்லாத அடாப்டராக இருந்தால் கம்ப்யூட்டரின் யூஎஸ்பி போர்ட்டும் கூடவே போகலாம். சிசிடிவி ரேக்கில் பத்துக் கேபிள்கள் ஒரே நீலத்தில் தொங்கும்போது இது நடப்பது மிக எளிது. கேபிளின் இரு முனையிலும் "யூஎஸ்பி மட்டும், சுவிட்சில் போடாதே" என்று லேபிள் ஒட்டுங்கள்.

ஹெச்டிஎம்ஐயும் யூஎஸ்பியும் சேர்ந்து ஒரே கேபிளில் போகும் கேவிஎம் எக்ஸ்டெண்டர்களில் யூஎஸ்பி பெரும்பாலும் கீபோர்டு, மவுஸுக்கு மட்டும்தான். அதில் கேமரா வருமா என்று கேட்காமல் வாங்க வேண்டாம். யூஎஸ்பி 3.0-இன் 5 ஜிபிபிஎஸ் வேகம் உங்களுக்கு உண்மையிலேயே தேவை என்றால் செம்பை விட்டுவிட்டு, இரு முனையிலும் யூஎஸ்பி பிளக்கோடு வரும் ஃபைபர் கேபிள்களைப் பாருங்கள்.

கேபிளைச் சோதிப்பது

எக்ஸ்டெண்டர் பழுது என்று வருபவற்றில் பெரும்பங்கு கேபிள் பழுதுதான். மலிவான கேட் 6 கேபிள் பெட்டிகளில் வருவது செம்பு பூசிய அலுமினியம். நெட்வொர்க்குக்கு அது எப்படியோ ஓடிவிடும். கேபிள் வழியாகவே தூரப் பெட்டிக்குக் கரண்ட் போகும் எக்ஸ்டெண்டரில் அதன் சாயம் வெளுத்துவிடும்.

பிளேடால் கம்பியின் மேல் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிவது அலுமினியம். இதைவிட நம்பகமானது மல்டிமீட்டர். 40 மீட்டர் கேபிளின் தூர முனையில் ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளையும் முறுக்கிச் சேர்த்துவிட்டு, இந்த முனையில் ஓம் அளவெடுங்கள். மீட்டரின் வயர்களை ஒன்றோடொன்று தொட்டால் காட்டும் அளவை அதிலிருந்து கழித்துவிடுங்கள். 24 கேஜ் சுத்தச் செம்பு என்றால் 6.7 ஓம் அளவில் வரும். 23 கேஜ் கேட் 6 என்றால் 5.3. இவை 20 டிகிரிக்கான கணக்கு. வெயில் காலத்தில் கால் ஓம், அரை ஓம் கூடலாம். அதைத் தாண்டி 8, 9, 10 என்று காட்டினால் அலுமினியம், அல்லது சொன்னதைவிட மெல்லிய கம்பி. இரண்டில் எதுவானாலும் கடைக்குத் திரும்பப் போக வேண்டியதுதான்.

கனெக்டரில் நிறவரிசை டி568பி: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். "இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் போதும், எந்த வரிசையானால் என்ன" என்று ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பிரவுன் ஜோடி என அடுத்தடுத்து அடித்துவிடும் பழக்கம் நம்மூரில் நிறைய. அப்படி அடித்த கேபிளை ஒன்று முதல் எட்டு வரை விளக்கெரியும் டெஸ்டரில் போட்டால் எட்டும் வரிசையாக எரியும். ஆனால் எக்ஸ்டெண்டரில் ஓடாது, அல்லது விட்டு விட்டு ஓடும். ஏன் என்றால், ஜாக்கில் ஜோடிகள் 1-2, 3-6, 4-5, 7-8 என்று பிரிந்திருக்கின்றன. அடுத்தடுத்து அடித்த கேபிளில் 4-ஆம் பின்னுக்குப் பச்சையும் 5-ஆம் பின்னுக்கு வெள்ளை-நீலமும் வரும். ஒன்றோடொன்று முறுக்காத இரண்டு கம்பிகளில் ஒரே சிக்னல் போகிறது. பக்கத்து ஜோடியின் சத்தமெல்லாம் அதில் ஏறுகிறது. விளக்கு டெஸ்டர் கம்பி தொடர்கிறதா என்று மட்டும் பார்க்கும், முறுக்கைப் பார்க்காது. கனெக்டரின் கண்ணாடி வழியே நிறத்தைக் கண்ணால் பார்ப்பதுதான் இதற்குச் சோதனை.

முறுக்கைப் பிரிக்கும் நீளம் 13 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. வெளியுறை கனெக்டருக்குள் நுழைந்து அதன் பிடிக்கு அடியில் இருக்க வேண்டும்; கம்பிகள் மட்டும் வெளியே தெரிந்தால் வெட்டிவிட்டு மறுபடி அடியுங்கள். 23 கேஜ் கேட் 6 கம்பிக்குக் கேட் 6 கனெக்டரே வாங்குங்கள். கேட் 5இ கனெக்டரில் அது மல்லுக்கட்டும்.

ஒரு முழு வேலை: 35 மீட்டர் கூட்ட அரங்கு

மேடைக்கு எதிரே தூணில் யூஎஸ்பி வெப்கேமரா. கம்ப்யூட்டர் பின்பக்க அறையில். கேபிள் போகும் வழி 35 மீட்டர். இதற்குத் தேவை: தூர முனையில் தனி அடாப்டர் வைத்த 480 எக்ஸ்டெண்டர் ஒரு ஜோடி, 40 மீட்டர் ஒற்றைக் கம்பிச் செம்பு கேட் 6, கேட் 6 கனெக்டர் ஆறு (இரண்டு போதும், மீதி கை தவறினால்), 2 மீட்டருக்குள் ஒரு யூஎஸ்பி கேபிள், கிரிம்பிங் கருவி, மல்டிமீட்டர், 5 வோல்ட்டையும் ஆம்பியரையும் காட்டும் குட்டி யூஎஸ்பி மீட்டர்.

முதலில் கேமராவைக் கம்ப்யூட்டரில் நேரடியாகச் செருகி, டிரைவர் ஏறி, படம் வருகிறதா என்று பாருங்கள். அடுத்து இரண்டு எக்ஸ்டெண்டர் பெட்டிகளையும் மேசைமேல் வைத்து, நடுவே 2 மீட்டர் பேட்ச் கார்டு போட்டு ஓட்டுங்கள். கம்ப்யூட்டர் பக்கப் பெட்டி எது, கருவிப் பக்கப் பெட்டி எது என்று இப்போதே மார்க்கரில் எழுதிவிடுங்கள். இடம் மாற்றி மாட்டினால் ஓடாது. மூன்றாவதாக 40 மீட்டர் கேபிளை வெட்டி, இரு முனையிலும் கனெக்டர் அடித்து, தரையில் தளர்வாக விரித்துப் போட்டு அதே சோதனை. குறைந்தது அரை மணி நேரம் படம் ஓடட்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஏணி. பைப்புக்குள் இழுத்தபின் கேபிள் சரியில்லை என்று தெரிந்தால் அரை நாள் வீண்.

பைப்புக்குள் இழுக்க முனையை வெட்ட வேண்டியிருக்கும். இழுத்தபின் புதிதாக அடித்து மறுபடி ஓம் பாருங்கள். கரண்ட் வயர் போகும் பைப்பில் சேர்த்துப் போடாதீர்கள். தனிப் பைப்பில், கரண்ட் லைனிலிருந்து ஒரு அடியாவது தள்ளி. குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் நேர்க்குறுக்காக. லிஃப்ட் மோட்டார், யூபிஎஸ், பழைய சோக் வைத்த டியூப் லைட் பட்டி இவற்றை ஒட்டிப் போக வேண்டாம். வளைவு உங்கள் கட்டைவிரலைச் சுற்றுவதைவிட அகலமாக இருக்கட்டும். மிச்சக் கேபிளை இறுக்கமான சுருளாக்கி டையால் நெரிக்காமல், பெரிய வட்டமாகத் தளர்வாக விடுங்கள்.

கேமராப் பக்கப் பெட்டிக்கு அதன் அடாப்டரைக் கொடுத்து, யூஎஸ்பி மீட்டரை நடுவே மாட்டி, படம் ஓடும்போது வோல்ட்டைப் பாருங்கள். 4.75-க்கு மேல் நின்றால் நிம்மதி. 4.4-க்குக் கீழே போனால் இன்று ஓடினாலும் நாளைக்குத் தொந்தரவு தரும். தூணுக்கு அருகே பிளக் பாயிண்ட் இல்லை, கேபிளிலேயே கரண்ட் போகட்டும் என்று விட்டுவிடத் தோன்றும். கேமராவில் மோட்டார் இருந்தால் அந்த ஆசையை விடுங்கள்: சும்மா நிற்கும்போது சரியாக இருந்து, திரும்பும் நொடியில் கரண்ட் அதிகமாக இழுத்து வோல்ட் சரிந்து, கேமரா துண்டித்துத் திரும்ப வரும்.

கேமராவின் பட வடிவத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1920 × 1080 படத்தை விநாடிக்கு 30 வீதம் சுருக்காமல் அனுப்ப ஏறக்குறைய 1 ஜிபிபிஎஸ் வேண்டும். 480-இல் அது எந்த எக்ஸ்டெண்டரானாலும் அடங்காது. அதனால்தான் இந்தக் கேமராக்கள் எம்ஜேபெக் அல்லது ஹெச்.264 ஆகச் சுருக்கி அனுப்புகின்றன. மென்பொருளில் சுருக்காத வடிவமான ஒய்யூஒய்2 தேர்வாகியிருந்தால் படம் விநாடிக்கு ஐந்தோ ஆறோதான் வரும். பழி எக்ஸ்டெண்டர் மேல் விழும்.

ஓடாவிட்டால்

விண்டோஸில் "கோட் 43" என்று மஞ்சள் முக்கோணம் வந்தால், கருவி இருப்பதை உணர்ந்தும் அதன் விவரத்தைப் படிக்க முடியவில்லை என்று பொருள். லினக்ஸ் பதிவில் இதே கோளாறு பிழை -71 அல்லது -110 என்று வரும்: முதலாவது சிதைந்த பதில், இரண்டாவது பதிலே வராதது. 2 மீட்டர் பேட்ச் கார்டில் ஓடி நீளக் கேபிளில் ஓடாவிட்டால் கனெக்டரை வெட்டிப் புதிதாக அடியுங்கள். பேட்ச் கார்டிலும் ஓடாவிட்டால் கேபிளை நோண்ட வேண்டாம்; கம்ப்யூட்டரில் வேறு போர்ட்டை, முடிந்தால் பின்பக்கம் போர்டிலேயே உள்ள போர்ட்டைப் பாருங்கள். முன்பக்கப் போர்ட்டுகள் உள்ளே ஒரு மெல்லிய வயரில் வருபவை. எக்ஸ்டெண்டரை ஹப்பில் மாட்டியிருந்தால் ஹப்பைக் கழற்றுங்கள்.

சில நிமிடம் ஓடிவிட்டு உறைந்து போகிறது என்றால் முதலில் விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணைத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் தூங்கி எழுந்தபின் கருவி வராமல் போவதற்கும் பெரும்பாலும் இதுவே மருந்து. அதற்குப் பிறகும் தொடர்ந்தால் தூர முனை வோல்ட், அடுத்து பெட்டியின் சூடு. மூடிய ஃபால்ஸ் சீலிங்குக்குள் வைத்த பெட்டி மத்தியானம் மட்டும் தகராறு செய்யும்.

ஃபேன் போடும்போதோ லிஃப்ட் கிளம்பும்போதோ மட்டும் துண்டித்தால் வழியைத்தான் பார்க்க வேண்டும். கேபிள் எங்கோ கரண்ட் லைனோடு ஒட்டிப் போகிறது. வழியை மாற்ற முடியாவிட்டால் ஷீல்டு வைத்த கேபிளும், உலோக உறையுள்ள கனெக்டரும், அதற்கேற்ற பெட்டியும் வேண்டும். ஷீல்டு கேபிளுக்குப் பிளாஸ்டிக் கனெக்டர் அடித்தால் ஷீல்டு எதிலும் சேராமல் தொங்கும்.

கம்ப்யூட்டரை அணைத்தபின்னும் அதில் நேராகச் செருகிய கீபோர்டில் விளக்கெரிகிறதா? கம்ப்யூட்டரே சில போர்ட்டுகளுக்கு அணைந்தபின்னும் கரண்ட் விடும்படி அமைத்திருக்கலாம். எக்ஸ்டெண்டரின் யூஎஸ்பி பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். விளக்கு உடனே அணைந்தால், தூர முனையில் உள்ள ஹப்போ அடாப்டரோ 5 வோல்ட்டைக் கேபிள் வழியே கம்ப்யூட்டருக்குள் திருப்பி அனுப்புகிறது. சிப் இல்லாத அடாப்டரோடு மலிவான பவர்டு ஹப்பைச் சேர்க்கும்போது இது நடக்கும். அப்படியே விடக்கூடாது. கம்ப்யூட்டர் பக்கம் சிவப்புக் கம்பியைத் துண்டிக்கலாம் என்பார்கள். சில ஹப்கள் அந்த 5 வோல்ட்டைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் இருப்பதையே அறியும் என்பதால் அது எல்லா இடத்திலும் பலிக்காது. ஹப்பை மாற்றுவதே சரி.

100 மீட்டருக்கு மேல், அல்லது சுவிட்ச் வழியாக

ஏற்கெனவே கட்டடம் முழுக்க நெட்வொர்க் இருந்தால், யூஎஸ்பி பேச்சை நெட்வொர்க் பாக்கெட்டுகளாக்கி அனுப்புவது இன்னொரு வழி. லினக்ஸ் கெர்னலிலேயே யூஎஸ்பி-ஐபி இருக்கிறது. டிசிபி 3240 போர்ட்டில் பேசும். ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றைத் தூர முனையில் வைத்து, அதில் செருகிய கருவியை இங்கிருக்கும் கம்ப்யூட்டரில் செருகியதுபோல் காட்டலாம். இதையே எளிதாகச் செய்யும் விர்ச்சுவல்ஹியர் போன்ற கட்டண மென்பொருளும், டிஜி நிறுவனத்தின் எனிவேர்யூஎஸ்பி போன்ற தயார்ப் பெட்டிகளும் உண்டு. மென்பொருள் லைசென்ஸ் டாங்கிள், பிரின்டர், ஸ்கேனர் இவற்றுக்கு அருமையாக ஓடும். கேமராவுக்கும் யூஎஸ்பி மைக்குக்கும் பொருந்தாது. அவை நேரம் தவறாமல் ஓடும் தொடர் தரவு, நெட்வொர்க்கில் ஒரு சிறு தடுமாற்றம் வந்தாலும் படம் உடையும், ஒலி விக்கும். ஒரு கருவியை ஒரே நேரத்தில் ஒரு கம்ப்யூட்டர்தான் பிடிக்க முடியும். யூஎஸ்பி-ஐபியில் கடவுச்சொல்லோ குறியாக்கமோ தானாக வராது. ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து இணையத்துக்கு விட்டுவிடாதீர்கள்.

வேலையை ஆரம்பிக்கும் முன் ஒருமுறை யோசிக்க வேண்டியதும் உண்டு. பிரின்டரில் நெட்வொர்க் ஜாக் இருந்தால் யூஎஸ்பியை ஏன் நீட்ட வேண்டும்? 60 மீட்டர் தள்ளிக் கேமரா வேண்டும் என்றால் பல இடங்களில் ஐபி கேமராவே மலிவு. மூன்று நான்கு யூஎஸ்பி கருவிகள் ஒரே மூலையில் இருந்தால் அங்கே ஒரு மினி பிசியை வைத்துவிட்டு நெட்வொர்க்கில் இணைப்பது எக்ஸ்டெண்டரைவிடத் தலைவலி குறைந்தது.

கட்டடம் விட்டுக் கட்டடம்

செம்புக் கேபிளை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு வெளியே இழுக்கவே கூடாது, 15 மீட்டர் ஆனாலும். இரண்டு கட்டடத்தின் எர்த்தும் ஒரே மட்டத்தில் இருக்காது. அந்த வித்தியாசம் கேபிள் வழியாக ஓடும். சித்திரை, வைகாசியின் கோடை இடியிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும், மின்னல் கேபிளில் நேராக விழ வேண்டியதில்லை. அருகில் எங்கோ விழுந்தாலே தூண்டப்படும் வோல்ட்டேஜ் இரு முனைப் பெட்டியையும் கம்ப்யூட்டரின் யூஎஸ்பி போர்ட்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். இங்கே ஃபைபர் வழியே போகும் யூஎஸ்பி எக்ஸ்டெண்டர்தான் வழி, அதிலும் உலோக வலுக்கம்பி இல்லாத ஃபைபர் கேபிள். தூரப் பெட்டிக்கான அடாப்டரை அந்தக் கட்டடத்தின் பிளக்கிலேயே போடுங்கள். இந்தப் பக்கத்திலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கரண்ட் இழுத்தால் ஃபைபர் போட்ட காசு வீண்.